கப்டனின் மணிக்கூடு ஏன் நின்றது

கடையில் இப்போது வேலை செய்யும் இரண்டு பேரும் கிழமைக்கு ஒரு தடவையாவது எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். எனக்குத் தொலைபேசியில் கதைக்க வராது. மற்றப் பக்கத்தில் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்ற நினைப்பிலேயே சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் "ஓம்", "இல்லை", "திறந்து பாருங்கோ" என்ற மூன்று பதில்களைத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லி ஒரு மாதமாகிறது.

அவர்கள் கேட்பது ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டைப் பற்றி. நான் வேலையை விடும்போது கடைக்கு வந்தவை பெரும்பாலும் பற்றரி மணிக்கூடுகள். இப்போது இளம் ஆட்கள் போனிலேயே பார்த்து ஓட்டோமெற்றிக் வாங்குகிறார்களாம். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தது திங்கட்கிழமை நிற்கிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். போன மாதம் ஒருவர் பற்றரி மாற்றித் தரச் சொல்லி வாங்கில் உட்கார்ந்துவிட்டாராம். திறந்து காட்டி, "இதுக்குள்ள பற்றரியே இல்லை" என்று சொன்னதும், "அப்ப நீங்கள் எடுத்திட்டீங்களோ?" என்று கேட்டாராம்.

நான் திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு மணிக்கூட்டுக் கடையின் பலகை மறைப்புக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனிய வேண்டாம் என்று டொக்டர் சொன்னதால் ஐம்பத்தைந்து வயதில் நிறுத்தினேன். படிப்பு பத்தாம் வகுப்பு. பிறகு பெண்களுக்கான தொழிற்பயிற்சி ஆறு மாதம். அங்கே றேடியோ திருத்தத்தான் சொல்லித் தந்தார்கள். மணிக்கூட்டைக் கடையில் இருந்து கெடுத்துக் கெடுத்துப் பழகினேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஹனீபா முதலாளி. முதல் நாள் அவர் கால் மணித்தியாலம் கதைத்தார். நான் தலையாட்டினேன்.

"நல்லம். கதைக்காத ஆள்தான் எனக்கு வேணும். கடையில கதைக்க நான் ஒராள் போதும்," என்றார்.

கடையின் முன்பக்கம் அவருடைய மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. பின்பக்கம் நான். நடுவில் பலகை மறைப்பு. அதில் மணிக்கூடு போய்வர ஒரு சின்ன யன்னல். யன்னலுக்கு ஒரு துணித்திரை. எங்கள் ஊரில் மேசன், தச்சன், மோட்டார் திருத்துகிறவர் என்று கைவேலை தெரிந்த எல்லாரையும் 'பாஸ்' என்பார்கள். யாராவது வந்து எப்போது முடியும் என்று அவசரப்படுத்தினால் முதலாளி குரலைத் தாழ்த்துவார்.

"பாஸ் உள்ளுக்க இரிக்கார். கொழும்பில படிச்சவர். வேலையில இரிக்கக்குள்ள கதை கேட்டாக் கோபம் வந்திரும். மெதுவாக் கதைங்க."

ஒரு தடவை என் கையிலிருந்து சின்னச் சுத்தியல் தவறி நிலத்தில் விழுந்தது. முன்னால் இருந்த மூன்று பேரும் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தக் கோபக்காரப் பாஸ் நான்தான் என்று முதலாளியின் வீட்டாரையும் பக்கத்துக் கடைக்காரரையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அது பெரிய வசதியாகத்தான் இருந்தது. காலையில் கடை திறக்கும் முன்பே உள்ளே போய்விடுவேன். பின்னேரம் வாங்கு காலியான பிறகுதான் வெளியே வருவேன்.

முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கள் கடையில் பிழை நடக்காது. திருத்திய மணிக்கூடு திரும்பி வந்தால் குற்றவாளி வெளியில்தான் இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தாருக்கு உப்புக்காற்று. தோப்பூரில் வயல் செய்கிறவர்களுக்கு நெல்லுத் தூசி. கந்தோரில் எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு உடம்புச் சூடு. ஒரு முறை, இவை மூன்றும் பொருந்தாத ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம், "சேர், நீங்க யோசிக்கிறது கூட. அந்த நரம்பு மணிக்கட்டாலதான் போகுது" என்றார். ஆசிரியர் ஒத்துக்கொண்டு போனார்.

ஆனால் அவர் சோதிக்காமல் எதையும் கொடுக்கமாட்டார். திருத்திய ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டை மூன்று நாள் தன் கையில் கட்டிப் பார்ப்பார். சில நேரம் இரண்டு கையிலும் மும்மூன்று இருக்கும். மணி கேட்கிறவர்களுக்கு எந்தக் கையில் பார்த்துச் சொல்வது என்று அவருக்கே தடுமாற்றம் வரும். முதலாளி கதைக்கும்போது வாயை விடக் கைதான் கூட வேலை செய்யும். ஒரு கொத்துரொட்டியின் அளவைச் சொல்வதற்கும் இரண்டு கையும் தோளுக்கு மேலே போகும். அப்படிப்பட்ட கையில் நிற்கிற மணிக்கூடு உலகத்தில் இல்லை. இது எங்கள் சோதனையின் பெருமை என்று நானும் நினைத்திருந்தேன். அது எங்கள் சோதனையின் ஓட்டை என்று எனக்கு உறைக்கப் பல வருடம் எடுத்தது.

இனி உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

ஓட்டோமெற்றிக்கின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது ரோட்டர், ஓர் அரைவட்டத் தகடு. பாதியாக வெட்டிய அப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பத்துக்கு நடு தடிப்பு, கரை மெல்லிசு. இதற்கு அது மாறி, கரையில்தான் பாரம் முழுவதும். நடுவில் ஒரு முளையில் பொருந்தி நிற்கும். கை அசையும்போதெல்லாம் பாரமான கரை கீழே வரப் பார்க்கும், அப்போது சுழலும். எந்தப் பக்கம் சுழன்றாலும் கீழே இருக்கும் குட்டிப் பற்சில்லுகள் அதை ஒரே பக்கத் திருப்பமாக மாற்றிவிடும். அந்தத் திருப்பம் சில்லு சில்லாக இறங்கி, ஒரு வட்ட டப்பிக்குள் சுருண்டு கிடக்கும் பெரிய ஸ்பிரிங்கை இறுக்கும். இறுகிய ஸ்பிரிங் மெல்ல மெல்ல விரிகிற பலத்தில்தான் முள் ஓடுகிறது. ஆக, ஆளின் கையசைவுதான் சாவி.

ஒரு நாள் இலங்கைத்துறையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். "நான் நாள் முழுக்க வலை இழுக்கிறவன். இந்தக் கையில கட்டினா சாவி கூடிப்போய் உள்ளுக்க வெடிக்காதோ?" என்று கேட்டார். முதலாளி, "வெடிச்சா நான் பொறுப்பு" என்று கையை விரித்தார். நான் யன்னலுக்குப் பின்னால் இருந்து மனதுக்குள் சரியான பதிலைச் சொன்னேன். அதை இப்போது எழுதுகிறேன்.

சாவி திருகும் பழைய மணிக்கூட்டில் ஸ்பிரிங்கின் வெளிமுனை டப்பிச் சுவரில் கொளுவியிருக்கும். ஓட்டோமெற்றிக்கில் கொளுவி இல்லை. முனையில் ஒட்டியிருக்கும் விறைப்பான ஒரு துண்டு சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் நிரம்பியதும் அந்தத் துண்டு பிடியை விட்டுக் கொஞ்சம் வழுக்கும். பிறகு மறுபடி பிடிக்கும். அதனால் எத்தனை வலை இழுத்தாலும் வெடிக்காது. ஆனால் எப்போது வழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுவரில் பூசும் கிரீஸ். அது தடிப்பான கறுப்புக் கிரீஸாக இருக்க வேண்டும். சாதாரண எண்ணெயைப் பூசினால் நிரம்ப முன்பே வழுக்கிவிடும். வயிறு பாதி நிறைந்ததும் இலையை மடிக்கிற ஆளைப் போல. அசைகிற கையில் கட்டியிருக்கும்வரை குறை ஒன்றும் தெரியாது. கழற்றி வைத்தால், ஒன்றரை நாள் ஓட வேண்டியது பத்து மணித்தியாலத்தில் நின்றுவிடும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு மணிக்கூட்டுக்கு எண்ணெயைப் பூசினேன்.

அது கப்டனுடைய மணிக்கூடு. பெயர் சண்முகராசா. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டும் இழுவைப் படகில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் கப்டன் என்பார்கள். அவருடைய மனைவி லீலாவதி மிஸி, ஆசுப்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அன்புவழிபுரத்தில். கப்டனுக்கு ஒரு தடவை நெஞ்சு நோவு வந்து, கடுமையாகி, பிழைத்தவர். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பின்னேரம் நாலரைக்கு மிஸி அவரைப் படலையால் வெளியே அனுப்பிவிடுவார்.

மணிக்கூடு சுத்தம் பார்க்க வந்தது. நான் முழுவதும் கழற்றிக் கழுவினேன். பூட்டும்போது என் மேசையில் கறுப்புக் கிரீஸ் இல்லை. அந்தச் சின்னத் தகர ரின் முன்னால் கண்ணாடி அலுமாரியின் லாச்சியில் இருந்தது. வெளிநாட்டு எழுத்துப் போட்ட ரின் என்பதால் முதலாளி அதை வருகிறவர்களுக்குக் காட்டிப் பெருமை பேசிவிட்டு அங்கேயே வைத்துவிடுவார். அன்றைக்கு வாங்கில் துறைமுகத்து ஆட்கள் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் திரையை நீக்கிப் பார்த்தேன். வெளியே போய் லாச்சியைத் திறந்தால், பாஸ் ஒரு பொம்பிளை என்று ஆறு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். முதலாளியைக் கூப்பிடலாம், அதற்கு வாய் திறக்க வேண்டும். என் முன்னால் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. ஒரு தரம்தானே என்று அதையே பூசிப் பூட்டினேன்.

முதலாளியின் கையில் மூன்று நாளும் அருமையாக ஓடியது.

பிறகு ஒரு மாதத்துக்குள் அது இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டு தடவையும் முதலாளி கட்டிப் பார்த்தார், ஓடியது, கொடுத்துவிட்டார். எண்ணெய் விசயம் அதற்குள் எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்றாம் தடவை மிஸி தானே வந்தார். ஆசுப்பத்திரி வார்ட்டில் கதைத்துப் பழகிய குரல். பலகைக்குப் பின்னால் நானும் நிமிர்ந்து இருந்தேன்.

"ஹனீபா நானா, இவர் நடந்துபோட்டு வந்து ஆறரைக்குக் கழட்டி வைக்கிறார். விடிய நாலரைக்கு நான் எழும்பிப் பாத்தா நிக்குது. ஒவ்வொரு நாளும்."

உப்புக்காற்றும் உடம்புச் சூடும் முதல் இரண்டு தடவையிலும் செலவாகிவிட்டன. முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"மிஸி, குறை நினைக்காதீங்க. கப்டன் உண்மையா நடக்கிறாரா?"

"நாலரைக்குப் போறாரே."

"போறார். நடக்கிறாரா? இந்த மணிக்கூடு ஆள் நடந்தா ஓடும், இருந்தா நிக்கும். என்ட கையில ஓடுது. அவர்ர கையில நிக்குது. மணிக்கூட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது மிஸி."

கைப்பையை மூடும் சத்தம் கேட்டது.

ஒரு கிழமை போனது. ஒரு மத்தியானம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் நான் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருப்பேன், வருகிறவர்கள் வாங்கில் காத்திருப்பார்கள். யாரோ வந்து வாங்கில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் வாங்கு யன்னலுக்குப் பக்கத்தில் நகர்ந்தது.

"பாஸ். நான் கப்டன். நீங்கள் கதைக்கமாட்டீங்கள் எண்டு தெரியும். நான் கதைக்கிறன், நீங்கள் கேளுங்கோ. நீங்களும் ஆம்பிளை, நானும் ஆம்பிளை."

நான் சில்லெடுக்கும் சாமணத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன்.

"மனிசி என்னைப் பொய்யன் எண்டு சொல்லிப்போட்டா. ஒரு தரம்தான் சொன்னவ. அதுக்குப் பிறகு கதையே இல்லை. சோறு வருது, குளிசை வருது, கதை வரேல்லை. பின்னேரம் கடற்கரைக்குப் போவன், காத்து வாங்குவன், வருவன். எனக்கு மிச்சமிருந்த சந்தோசம் அது ஒண்டுதான். அதையும் நிப்பாட்டிப்போட்டா. இப்ப எங்க நடக்கிறன் தெரியுமோ? வளவுக்குள்ள கிணத்தைச் சுத்தி. அவ கதிரையைப் போட்டுக்கொண்டு எண்ணுறா. நேற்று அறுபத்திரண்டு சுத்து. தலை சுத்தி விழப் பாத்தன். அதையும் ஒரு சுத்தாச் சேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"பாஸ், துறைமுகத்தில நான் சொன்னா மலை மாதிரிக் கப்பலும் திரும்பும். வீட்டில என்ர சொல்லுக்கு மதிப்பில்லை. மணிக்கூட்டில ஏதும் பிழை இருக்க ஏலுமோ? ஓம் எண்டா ஒரு தட்டுத் தட்டுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. பத்து மணித்தியாலம். ஆறரையிலிருந்து நாலரை. மூன்று தடவை கேட்டும் என் காதில் ஏறாத கணக்கு அப்போதுதான் ஏறியது. துறைமுகத்து ஆட்கள் ஆறு பேர் இருந்த அந்த வாங்கு என் கண்முன் வந்தது. பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"கடவுளே!" என்றார் கப்டன். திரைக்குக் கீழால் மணிக்கூடு உள்ளே வந்தது.

அவர் போனதும் திறந்தேன். டப்பியின் மூடியை எடுத்தால் உள்சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கியது. கறுப்பு ஒரு துளியும் இல்லை. என் கைவேலை.

முதலாளி வந்ததும் சொன்னேன். அவருடன் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை, ஐந்து வசனம் இருக்கும். அவர் கோபப்படவில்லை. கதிரையில் சாய்ந்து கையை விரித்தார்.

"புள்ள, இதுக்கு ஏன் முகத்தை இப்பிடி வெச்சிருக்க? சத்தம் போடாமக் கிரீஸைப் பூசிக் குடு. இனி ஓடும்தானே. மிஸி சந்தோசப்படும், கப்டனுக்கும் நிம்மதி. கடைப் பேரும் தப்பும்."

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. நாளைக்கு மணிக்கூடு ஓடினால் மிஸி என்ன நினைப்பார்? 'நான் கிணற்றைச் சுற்ற வைத்தேன், இப்போது ஓடுகிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் நடக்கவே இல்லை.' நான் இரகசியமாகத் திருத்தினால் கப்டன் பொய்யர் என்பது உறுதியாகிவிடும். சத்தம் போடாமல் இந்தப் பிழையைத் திருத்த வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டு. சாமான்களை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன். படலையில் நின்று மூன்று தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். மிஸியே கண்டுவிட்டார்.

"ஆர் பிள்ளை?"

"மணிக்கூட்டுக் கடையிலயிருந்து வாறன். நான்தான் பாஸ்."

"பாஸின்ர மனிசியோ?"

"இல்லை. பாஸ்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, மணிக்கூட்டில் பிழை, அதை விட்டது நான், கப்டனில் பிழையில்லை என்று பாடமாக்கி வந்ததை ஒப்புவித்தேன்.

"எவ்வளவு தந்தவர்?" என்று கேட்டார் மிஸி.

"ஆர்?"

"உள்ளுக்குக் கிணத்தைச் சுத்துறாரே, அவர். ஆம்பிளையள் எல்லாரும் சேந்து ஒரு பொம்பிளையைப் பிடிச்சு அனுப்பியிருக்கிறியள். நல்ல வேலை."

எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. ஆனால் வாயால் நிரூபிக்க முடியாததைக் கையால் நிரூபிக்கலாம் என்று தோன்றியது. "மிஸி, ஒரு மேசை தாங்கோ," என்றேன்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். மணிக்கூட்டில் பழைய எண்ணெயை நான் அப்படியே விட்டிருந்தேன். பின்மூடியைத் திறந்து, ரோட்டரைக் கழற்றி வைத்து, வெளியே இருக்கும் திருகியால் மெல்ல மெல்லச் சாவி கொடுத்தேன். மிஸியை எண்ணச் சொன்னேன். எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பன்னிரண்டாவது திருப்பில், டப்பிக்கு மேலே இருக்கும் சில்லு துள்ளி ஒரு சின்ன வெட்டு வெட்டியது.

"கண்டீங்களோ? இதில ஸ்பிரிங் வழுக்குது. இன்னும் எவ்வளவோ இறுக வேணும், இறுக விடாமல் எண்ணெய் வழுக்குது." எப்படி விளக்குவது என்று தடுமாறி, அவருடைய தொழிலிலிருந்தே ஒன்றைப் பிடித்தேன். "மிஸி, எண்ணெய் பூசின தோலில பிளாஸ்ரர் ஒட்டினா நிக்குமோ?"

"நிக்காது."

"அதுதான்."

மிஸி எழும்பிப் போய்ச் சவுக்காரம் போட்டு முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டார். டோர்ச் லைட்டை எடுத்து என் தோளுக்கு மேலால் பிடித்தார். அதன் பிறகு நடந்தது ஓர் ஒப்பரேசன். நான் கையை நீட்டினால் வேண்டிய சாமான் பிடிப்பக்கமாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. "சாமணம்," என்றேன், வந்தது. "சின்னத் திருப்புளி," என்றேன், வந்தது. கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் ஒரு பீங்கானில் வரிசையாக வைத்து அவரே எண்ணிச் சரிபார்த்தார். அந்த முக்கால் மணித்தியாலத்தில் நான் ஒருவருக்குக் கட்டளை போட்டேன், வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

சுவரைத் துடைத்துக் கறுப்புக் கிரீஸை நாலைந்து இடத்தில் வைத்து ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டேன். பூட்டி முடித்து மீண்டும் திருகினேன். மிஸி எண்ணினார். பன்னிரண்டு தாண்டியது. இருபது தாண்டியது. முப்பத்திநாலில்தான் அந்த வெட்டு வந்தது.

மிஸி கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் மேசைத் துணியின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பின்கதவுப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ! சுத்தினது காணும். வாங்கோ," என்றார்.

கப்டன் வியர்த்துக்கொண்டு வந்தார்.

"மணிக்கூட்டிலதான் பிழையாம். நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார் மிஸி. நாற்பது வருடக் கல்யாண வாழ்வில் அந்த வசனத்தை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கப்டனின் முகம் சொன்னது. "பின்னேரம் வழமை போலப் போங்கோ. இந்தப் பிள்ளையைப் பஸ்ஸடியில விட்டிட்டு வாங்கோ. இதுதான் பாஸ்."

கப்டன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஆம்பிளைக்கு ஆம்பிளை கதைத்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குனிந்து செருப்பைப் போட்டார்.

ஒழுங்கையின் மூலை திரும்பி, வீடு மறைந்த பிறகு அவர் நின்றார்.

"பிள்ளை, நீ எனக்குச் செய்த உதவிக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஆனா ஒரு விசயம். உன்னட்ட மறைச்சால் பாவம்."

"சொல்லுங்கோ ஐயா."

"நான் நடக்கிறேல்லை."

நான் அவரையே பார்த்தேன்.

"கடற்கரை வரைக்கும் பஸ்ஸில போவன். அங்க ஒரு வள்ளம் கவிட்டுக் கிடக்கு. நாலைஞ்சு பேர், என்னோட வேலை செய்தவங்கள், அதில இருப்பம். துறைமுகத்துக்கு வாற கப்பலைப் பாத்து, இப்ப இருக்கிறவங்கள் எப்பிடிப் பிழையா இழுக்கிறாங்கள் எண்டு கதைப்பம். பொழுது பட்டதும் எழும்பி வருவம். நீ தட்டின தட்டில நானே நம்பிப்போட்டன், என்னில பிழையில்லை எண்டு."

பலகைக்கு முன்னால் இருந்து அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். போவன், காத்து வாங்குவன், வருவன். 'நடந்தேன்' என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

"பழைய எண்ணெயே இருந்திருந்தா நல்லாயிருக்கும் என்ன?" என்றார் ஏக்கமாக. "எப்ப நிண்டாலும் பழியை எண்ணெயில போட்டிருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்ல முடியாது. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, நானாப் போய் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கேட்டாப் பொய்யும் சொல்லமாட்டன். இனி அது நிண்டா எண்ணெய் இல்லை, நீங்கள்தான்."

அவர் தன் கையிலிருந்த மணிக்கூட்டை, அது ஏதோ காவல்காரன் என்பது போலப் பார்த்தார்.

சனிக்கிழமை முதலாளிக்கு விசயம் தெரிந்தது. "கடையைக் கவிழ்த்திட்டியே புள்ள!" என்று தலையில் கை வைத்தார். திங்கட்கிழமை வந்தவர்களிடம், "எங்கட பாஸ் பிழை விட்டா வீடு தேடி வந்து சொல்லும். வேற எந்தக் கடையில இப்பிடி இரிக்கி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு வருகிறவர்கள் யன்னல் திரைக்குக் கீழால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இரண்டு கிழமை ஆகவில்லை. ஒரு காலையில் வாங்கு நிறைய ஆட்கள் இருக்கும்போது மிஸியின் குரல் கேட்டது.

"பாஸை வெளியால வரச் சொல்லுங்கோ."

முதலாளி, "மிஸி, இந்த மாசம் உப்புக்காத்து..." என்று தொடங்கினார். மிஸி ஒரு விரலைத் தூக்கினார். முதலாளி நிறுத்தினார். அதை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தரம்தான்.

நான் மறைப்பைத் தாண்டி முன்னால் வந்தேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மிஸியின் கையில் மணிக்கூடு நின்றுபோய் இருந்தது. அவருக்குப் பின்னால் கப்டன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினார். கெஞ்சலுக்கு அதைவிடத் தெளிவான பாசை இல்லை.

"பிள்ளை, ஒண்டே ஒண்டு கேக்கிறன். எண்ணெயோ, ஆளோ?"

நான் முன்மேசையில் வைத்துப் பின்மூடியைத் திறந்தேன். ரோட்டர் தங்குதடையில்லாமல் சுழன்றது. திருகத் தொடங்கினேன். மிஸி எண்ணினார். வாங்கில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பன்னிரண்டு. இருபது. முப்பது. முப்பத்திநாலில் சில்லு வெட்டியது.

நெஞ்சு நோவு வந்த மனிசன். அந்த வள்ளத்தில் இன்னும் எத்தனை பின்னேரம் இருப்பார் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நான் கப்டனைப் பார்க்கவில்லை.

"ஆள்," என்றேன்.

வாங்கு முழுவதும் சிரித்தது. கப்டன் கூரையைப் பார்த்தார். மிஸி சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. மணிக்கூட்டை எடுத்துத் தன் இடது கையில் கட்டி வாரை இறுக்கினார். பிறகு சேலைக் கரையைக் கொஞ்சம் உயர்த்தினார். காலில் புத்தம் புதிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சவையிட்டக் கேட்டு உறுதிப்படுத்த வேணுமெண்டுதான் வந்தனான்," என்றார். கப்டனிடம் திரும்பினார். "இனி மணிக்கூடு என்ர கையில. நான் போற வேகத்துக்கு வாங்கோ. டச்பேக் கடற்கரையில இந்த முனையில தொடங்கி அந்தத் தொங்கல்வரை. வள்ளத்தில இருக்கிறவையையும் எழுப்பிக் கொண்டு வருவம்."

இதைப் படிக்கிற நீங்கள் இரண்டு பேரும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளில் பிழை சொல்ல முன் டப்பியைத் திறந்து பாருங்கோ. திறந்து பார்த்து, அதில் பிழையில்லை என்றால், ஆள் எதிரிலேயே நின்றாலும் சொல்லுங்கோ.

அந்த மணிக்கூடு பிறகு ஒரு நாளும் நின்று எங்களிடம் வரவில்லை. கப்டன்தான் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தரம் வந்தார். தன்னுடைய கிழிந்த சப்பாத்தின் அடியை ஒட்ட எங்களிடம் பசை இருக்கிறதா என்று கேட்டார்.